இந்தப் பயம் எந்த வருஷத்துப் பயம்? (கேள்வி பதில்)

பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன படிப்பு சரிவரும் என்று பேச உட்கார்ந்தால், பாதி நாள் அதன் தாத்தா கதையில்தான் போய் நிற்கும். வீட்டார் பட்ட அடி பிள்ளைகளின் வேலையை எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அண்ணாச்சி, முக்கூடல் பக்கம் ஊர். 26 வயது, பி.காம். அப்பா பம்பாயில் வைத்திருந்த கடை நொடித்து, நான் நாலாவது படிக்கும்போது வெறுங்கையோடு வந்தார். அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைத்தாள். வீட்டில் கவர்மெண்ட் வேலை தவிர வேறு பேச்சே இல்லை. குரூப் 4 மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். போக நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இது என் ஆசையா, அவர்கள் பயமா?

ரெண்டும்தான் தங்கச்சி. பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள். சான்றிதழ் கேட்டு வாசலில் பத்துப் பேர், மேஜையில் அடங்கல், வரப்புத் தகராறு. அந்த நாள் உன் மனசில் ஓடுகிறதா? இல்லை, ஆர்டரை அம்மா கையில் கொடுத்ததோடு படம் முடிந்துவிடுகிறதா? அங்கேயே முடிந்தால் உனக்கு வேண்டியது அந்த வேலை இல்லை, அம்மாவின் நிம்மதி.

அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பீடித் தட்டு காலி, கூலியும் காலி. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின பிள்ளைக்கு, ஒண்ணாந்தேதி தவறாமல் வரும் சம்பளம் வேறு மாதிரிதான் தெரியும்.

ஆனால் ஒன்று. அப்பா கடையில் போனது போட்ட முதல். ஆடிட்டர் ஆபீஸில் நீ முதல் போடவில்லை. பிடிக்காவிட்டால் போவது ஆறு மாசம். வயிற்றைக் கலக்குவது அந்தப் பம்பாய்க் கடை. இந்த ஆபீஸ் இல்லை. வேலையில் சேர், பரீட்சையும் எழுது. இன்னும் எத்தனை தடவை எழுதுவாய் என்பதை மட்டும் இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடு.

சார், இதெல்லாம் ஜீன் வழியாக வருகிறது என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம், பாதி அவசரம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஒரு ஜீனின் மேல் ஒட்டி அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறியில் வித்தியாசம் தெரிந்தது. நாஜி இன அழிப்பில் தப்பிய யூதர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ரேச்சல் யெஹுதா என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டதும் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதில் தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர்தான். சின்னக் கணக்கு என்று அப்போதே பலர் சொன்னார்கள். இதில் எதுவும் நீங்கள் ஏன் பேங்க் பரீட்சை எழுதுகிறீர்கள் என்று சொல்லாது. அதற்கு ஜீன் வரைக்கும் போகவும் வேண்டாம். "நமக்கெதுக்குலே வம்பு" என்று இருபது வருஷம் காதில் விழுந்தால் போதாதா?

வள்ளியூர். 34 வயது, ஏசி மெக்கானிக். தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பதினோரு வருஷத்தில் ஏழு கம்பெனி மாறிவிட்டேன். சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்றாலே அடுத்த மாசம் வெளியே வந்துவிடுவேன்.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. பேசின இருவரும் அவர்களில் யாரையும் கேட்கவில்லை. தலைமுறையாய் வேலை பார்த்த இடம் உன் இடம் இல்லை என்று ஒரு காகிதம் சொன்னது. உங்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதா தம்பி? எனக்குத் தெரிந்த ஒரு சிலோன்காரர் வீட்டில் இருந்தது. நாலு வேட்டி, ரேஷன் கார்டு, பத்திரம். சாகும்வரை அந்தத் தாத்தா அதை அலமாரிக்கு மாற்றவிடவில்லை. அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நாமே கிளம்பிவிடுவது என்ற பழக்கம் அப்படித்தான் வீட்டில் தங்கும்.

ஆனாலும் கூடுதல் சம்பளத்துக்காக மாறினதை இதில் சேர்க்காதே. அது பிழைப்பு. அந்த ஏழில் எத்தனை அப்படி என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுது.

அண்ணாச்சி, நான் 23 வயதுப் பெண். எஸ்.ஐ. எழுத்துத் தேர்வு பாஸ், ஓட்டமும் முடிந்தது. அப்பா மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், 1999 ஊர்வலத்தில் போனவர். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: 1999 ஜூலை 23, கூலி கேட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் இறங்கி ஓடினவர்களில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட.

இதைப் பரம்பரைக் காயம் என்று சொல்லாதே அம்மா. அப்பாவுக்கு அது நேரில் நடந்தது. அவர் பயப்படுவதாகவும் நான் நினைக்கவில்லை. நாளைக்கு அதே ஆற்றங்கரையில் நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்றுதான் யோசிக்கிறார். "காலம் மாறிருச்சுப்பா" என்று ஆரம்பிக்காதே. அன்றைக்கு எங்கே நின்றீர்கள், யார் கையைப் பிடித்திருந்தீர்கள் என்று கேள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதே.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். லத்திக்கு அடியில் நிற்பதைவிட லத்தியைப் பிடிப்பது மேல் என்றா இந்த வேலைக்கு ஆசைப்பட்டாய்? அடி வாங்கின வீட்டுப் பிள்ளைகள் வக்கீலாவதும் போலீஸாவதும் நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பில்லை, தெரிந்து போனால் சரி. போ, போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை.

மூணு தொழில் வைத்து மூணும் ஓடவில்லை. பித்ரு சாபம், பரிகாரத்துக்கு நாற்பதாயிரம் ஆகும் என்கிறார் ஜோசியர்.

அந்த நாற்பதாயிரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவீர்களில்லையா, பொங்கல் வைத்து முடித்து எல்லாரும் மரத்தடியில் சாயும்போது பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூணு தலைமுறை வரையுங்கள். ஒவ்வொரு பேருக்குக் கீழும் ரெண்டு விஷயம்: என்ன வேலை, அது எப்படி முடிந்தது. ரெண்டாவதுதான் முக்கியம். ஏமாந்தாரா, நோயில் படுத்தாரா, கூட்டாளி போனாரா? ஒரே மாதிரி முடிவு மூணு இடத்தில் வந்தால் சாபத்தின் பேர் தெரிந்துவிடும். பெரும்பாலும் அதற்குப் பேர் 'கணக்கு நோட்டு எழுதாதது'.

நர்ஸாக இருக்கிறேன். ஒன்பது வயதிலிருந்து குடித்துவிட்டு வரும் அப்பாவைத் தூங்கவைத்தவள். யார் டியூட்டி மாற்றிக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வரமாட்டேன் என்கிறது.

ஒன்பது வயதில் முடியாது என்று சொல்ல உனக்கு வழியில்லை. இப்போது இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை, சின்ன விஷயத்தில் சொல்லிப் பழகு. தூக்கம் கெடுகிறது, அழுகை வருகிறது என்றால் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

திசையன்விளை. என் அப்பா கடனுக்காக ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போனவர். மகன் கடை வைக்கிறேன் என்கிறான். அந்தக் கதையைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

சொல்லுங்கள் அண்ணாச்சி, கணக்கோடு சொல்லுங்கள். எவ்வளவு வாங்கினார், என்ன வட்டி, எந்த மாசம் சரக்கு நின்றது. கணக்கில்லாமல் சொன்னால் பையனுக்குப் பயம்தான் மிஞ்சும். பழைய பற்று வரவு நோட்டு இருந்தால் அதையும் எடுத்துக் கொடுங்கள். என்ன கடை என்று எழுதவில்லையே? அல்வாக் கடை என்றால் மட்டும் முதலில் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். நம்ம ஊர் இன்னொன்று தாங்காது.