அடுத்த வயல்காரர் கட்டும் கணக்கு: புறவிளைவு பற்றி டெல்டா வாசகர்களின் கேள்விகள்

புறவிளைவு, சந்தைத் தோல்வி இரண்டையும் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். பாடப்புத்தகத்து ஆலைப்புகையை விட்டுவிட்டு, நம் வாய்க்கால் கரையிலிருந்தே உதாரணம் எடுக்கிறேன்.

பாபநாசத்திலிருந்து ஒரு மாணவி: புறவிளைவு என்றால் என்ன, ஐயா? விவசாயத்தில் அது உண்டா?

நிறையவே உண்டு அம்மா. விற்பவர், வாங்குபவர் இருவருக்குள்ளும் பேரம் முடிந்துவிடுகிறது. அதில் சேராத மூன்றாவது ஆளுக்கு அதனால் வரும் நன்மை அல்லது நட்டம்தான் புறவிளைவு.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடையில் மருந்து வாங்கித் தேவைக்கு மேல் அடிக்கிறார். புகையானைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்துவிடுகின்றன. தப்பித்த புகையான் பெருகிப் பக்கத்து வயலுக்கும் போகிறது. அந்த மருந்து பாட்டிலின் விலையில் பக்கத்து வயல்காரரின் நட்டம் சேரவில்லை. சேர்ந்திருந்தால் இவ்வளவு அடித்திருக்க மாட்டார். விலை இப்படி உண்மைச் செலவைச் சொல்லாமல் போவது சந்தைத் தோல்வியின் ஒரு வகை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும்.

நல்ல புறவிளைவும் உண்டு. நீங்கள் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டால் தெருவிலுள்ள மற்ற மாடுகளுக்கும் பாதுகாப்பு கூடுகிறது. அதற்காக யாரும் உங்களுக்குப் பணம் தருவதில்லை. அதனால்தான் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: இறால் குட்டை வந்தபின் என் நிலத்தில் உவர் ஏறிவிட்டது. குட்டைக்காரர் தன் பட்டா நிலத்தில்தானே செய்கிறார், நான் என்ன கேட்க முடியும்?

தாராளமாகக் கேட்கலாம். பட்டா அவருடையதுதான். ஆனால் குட்டையிலிருந்து மண்ணுக்குள் கசிகிற உப்புக்கும் வடிகாலில் விடுகிற கழிவுநீருக்கும் வரப்பு தெரியாது. ஏற்றுமதிக்குப் போகும் இறாலின் விலையில் தீவனமும் குஞ்சும் மின்சாரமும் அடங்கும். உங்கள் கிணறு உப்பானது அடங்காது.

உங்கள் மாவட்டத்துக்காரர்களே இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள பண்ணைகளை அகற்றவும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு விலக்கு இருந்தது. இந்த வளர்ப்பால் வரும் வருமானத்தைவிடச் சேதம் அதிகம் என்ற நிபுணர் அறிக்கையும் அந்த வழக்கில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆனால் இறால் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மறுசீராய்வு மனுக்கள் வந்தன. பிறகு 2005-இல் தனிச்சட்டமே இயற்றி, பதிவும் உரிமமும் வழங்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். நட்டப்படுவோர் சிதறிக் கிடக்கிறார்கள், லாபம் பார்ப்பவர்கள் கூடி நிற்கிறார்கள். சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மன்னார்குடி ஆசிரியர் ஒருவர்: சொத்துரிமை தெளிவாக இருந்தால் இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று பொருளாதார அறிஞர் ரொனால்டு கோஸ் சொன்னாரே. அப்படியிருக்கச் சட்டம் எதற்கு?

கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம், சார். பேரத்துக்கு எந்தச் செலவும் இல்லையென்றால் பேசித் தீர்க்கலாம் என்றார். நிஜத்தில் அந்தச் செலவு பெரிது என்பதையும் அவரே அழுத்திச் சொன்னார். ஒரு குட்டைக்காரரும் ஒரு வயல்காரரும் மட்டும் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். நூறு வயல்காரர்கள் என்றால்? ஒவ்வொருவரும் மற்றவர் பேசட்டும் என்று இருப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் ஆள் வேண்டும், குட்டைக்கு அத்தனை பேர் வேண்டாம். நிலம் கைமாறும்போது நடவுக்குப் போன பெண்களுக்கு வேலை போகிறது. அவர்களுக்குப் பட்டா இல்லை. பேரத்துக்கு வைக்க எதுவுமே இல்லாதவரை அந்தக் கோட்பாடு உட்காரவே அழைப்பதில்லை.

திருவையாறு வாசகர்: இலவச மின்சாரம்தான் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று சொல்லப்போகிறீர்களா?

பாதி மட்டும் சொல்வேன். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் கையிலிருந்து காசு போவதில்லை. ஆனால் நீர்மட்டம் இறங்கினால் ஆழமாக போர் போட முடியாதவருக்குத் தண்ணீர் போகிறது, கடற்கரைப் பக்கம் உப்பு உள்ளே வருகிறது. ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்றே தெரியாத நிலையில் குறுவைக்கு போர்வெல்லை நம்புகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் வரி போட்டு விலையைச் சரிசெய் என்பது 1920-இல் பொருளாதார அறிஞர் பிகு காட்டிய வழி. சிறு விவசாயி மேல் வரி போடுவது நியாயமில்லை. அதையே தலைகீழாக்கி, குறைவாக எடுப்பவருக்குப் பணம் தரலாம். பஞ்சாபில் 2018-இல் ‘தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி’ என்றொரு திட்டம் தொடங்கினார்கள். மீட்டர் உண்டு, கட்டணம் கிடையாது. ஒதுக்கிய அளவுக்குக் குறைவாக மின்சாரம் எடுத்தால் மிச்சத்துக்குப் பணம். மோட்டாரை அணைத்தால் லாபம் என்றாகிவிடுகிறது. நெல்லைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சி, வளர்ப்பவருக்கு இது நன்றாகவே பொருந்தும். வயலிலிருந்து வரும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும்.

கொள்ளிடக் கரையிலிருந்து ஒருவர்: மணலை 2003 முதல் அரசே எடுத்து விற்கிறதே, அதுவும் சந்தைத் தோல்வியா?

அதற்கு அரசின் தோல்வி என்று தனிப்பெயர் உண்டு. விற்பவர் மாறினார், விலை போடும் முறை மாறவில்லை. அளவு மீறி அள்ளினால் ஆற்றுப்படுகை கீழே போய் ஆற்றுநீர் வாய்க்காலுக்குள் நுழையும் தலைப்பு மேலே நின்றுவிடும். அந்தச் செலவைக் கடைமடைக்காரர் கட்டுகிறார்.

திருவாரூர் மாணவர்: காவிரிப் பிரச்சினையும் புறவிளைவுதானா?

ஆமாம் தம்பி. மேலே எடுக்கும் தண்ணீரின் செலவு கீழே விழுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 419 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை 404.25 ஆக்கியது. குறைத்த 14.75-இல் 10 டிஎம்சிக்கு நீதிமன்றம் சொன்ன காரணம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. நம் போர்வெல் தண்ணீரும் அந்தக் கணக்கில் ஏறிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து: எலித்தொல்லையும் இதில் சேருமா?

சேரும். நீங்கள் மட்டும் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வைத்தால் பக்கத்து வயல் எலி வந்துவிடும். ஊரே ஒரே வாரத்தில் வைக்க வேண்டும்.

இறால் குட்டை பற்றிக் கேட்ட அதே விவசாயி: சரி, இப்போது நான் செய்யக்கூடியது என்ன?

கிணற்று நீரையும் வயல் மண்ணையும் பரிசோதிக்கக் கொடுத்து, தேதியோடு அறிக்கை வாங்கி வையுங்கள். பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு, மற்ற வழக்குகளுக்கு ஆறு மாதம்தான். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். வேலை போன கூலியாட்களையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.