அம்மம்மா வளர்த்த பிள்ளையை அப்பா கேட்டால்?

கேள்வி: என் மகள் இறந்தபோது பேத்திக்கு 3 வயது. இப்போது 7. அன்று முதல் வெள்ளவத்தையில் நான்தான் வளர்க்கிறேன். மறுமணம் செய்யப்போகும் மருமகன், பிள்ளையைத் தராவிட்டால் பொலிஸோடு வருவேன் என்கிறார். நாங்கள் யாழ்ப்பாணத்தவர். எங்கள் வழமைச் சட்டமான தேசவழமை எனக்குச் சாதகம் என்கிறார்களே?
– வாசகி, கொழும்பு 6

பதில்: பொலிஸுக்குப் பயப்படாதீர்கள் அம்மா. முறைப்பாட்டைப் பதிந்து இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றம்.

தேசவழமை பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தந்தை மறுமணம் செய்ய விரும்பினால் மாமியாரோ நெருங்கிய உறவினரோ சிறுபிள்ளைகளை வளர்க்க எடுப்பது வழக்கம் என்றும், தாய் கொண்டுவந்த சொத்தையும் மணவாழ்வில் தேடிய சொத்தான தேட்டத்தில் பாதியையும் அவர் பிள்ளையோடு கொடுக்கவேண்டும் என்றும் ஒல்லாந்தர் காலத்துத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். இன்றைய நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

தாய் இல்லாத நிலையில் தந்தையே இயற்கைப் பாதுகாவலர். பிள்ளையின் நலன் கெடும் என்று காட்டினால்தான் அந்த உரிமை தளரும். “நான் பாசமாக வளர்த்தேன்” என்பது போதாது. மறுமணமும் தனியே ஒரு குற்றமில்லை. நான்கு வருடத்தில் அவர் எத்தனை தடவை வந்தார், செலவுக்கு என்ன தந்தார், குடிப்பழக்கமோ அடியோ உண்டா, பிள்ளையை அங்கே பகலில் யார் பார்ப்பார்கள்: கேள்விகள் இப்படித்தான் வரும். உங்கள் கையெழுத்துள்ள பாடசாலை அறிக்கைகள், கிளினிக் கொப்பி, கட்டணப் பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு) போடக்கூடும். அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரைப்படி, விசாரித்து அறிக்கை தரும்படி கீழ்நீதிமன்றம் ஒன்றுக்கு அதை அனுப்பலாம். அதுவரை காத்திருக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே முந்தி வழக்குப் போடுவது பற்றிச் சட்டத்தரணியிடம் இப்போதே பேசுங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பல அம்மம்மாக்கள் தோற்பது ஒரே பிழையால்: பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஒளிப்பது, அப்பாவின் அழைப்பை எடுக்காமல் விடுவது. ஞாயிறுகளில் வந்து பார்க்கச் சொல்லி நீங்களே எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்தில் என்ன சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். நீதிபதி தனியறையில் இரண்டு கேள்வி கேட்டாலே பிடித்துவிடுவார். பொறுப்பு அப்பாவுக்கே போனாலும், வார இறுதி, பாடசாலை விடுமுறை, தொலைபேசி நேரம் மூன்றையும் கட்டளையில் எழுதிக் கேட்கத் தவறாதீர்கள். நிலைமை மாறினால் கட்டளையை மாற்றச் சொல்லி மறுபடி போகலாம்.

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் மகள் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தந்தால், பேரன் எங்களுக்குத்தானே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. பாடசாலை, வைத்தியசாலை அலுவல்களுக்கு அது உதவும்; பிள்ளையின் பொறுப்பை உங்களுக்கு மாற்றாது. மகள் நினைத்தால் ரத்துச் செய்யலாம். பேரனின் அப்பா அதில் கையெழுத்தே வைக்காதவர். அவர் எப்போதும் வந்து கேட்கலாம்.