வயிற்றில் பையுடன் உழைக்கலாமா, விளையாடலாமா?

குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து, கழிவைப் பையில் சேர்க்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெருங்குடலிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அது கொலாஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து என்றால் இலியாஸ்டமி. வயிற்றின் மேல் சிவப்பாகத் தெரியும் வாய்ப்பகுதிக்கு ஸ்டோமா என்று பெயர். வாசகர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 48. மலக்குடல் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்து நிரந்தரமாகக் கொலாஸ்டமி வைத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மஞ்சள் மண்டியில் வேலை. ஆள் குறைந்தால் நானே மூட்டை தூக்குவேன். மாலையில் ஷட்டில் ஆடுவதும் வழக்கம். இப்போது வீட்டில் குனியக்கூட விடுவதில்லை. எங்காவது இடித்து ஸ்டோமா கிழிந்துவிடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. பழையபடி வேலைக்குப் போகலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: போகலாம், ஆனால் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்டோமா என்பது குடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைத்த பகுதி. வாயின் உட்புறம் போலச் சிவந்தும் ஈரமாகவும் இருப்பது அதன் இயல்பு. குனிவதாலோ நடப்பதாலோ அது கிழிந்துவிடாது. துடைக்கும்போது துளி இரத்தம் கசிவதும் இயல்பே. அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், இறுக்கமான பெல்ட்டோ, சரியாக வெட்டப்படாத பிளேட்டின் (ஸ்டோமாவுக்கு ஏற்பத் துளை வெட்டித் தோலில் ஒட்டும், பையைத் தாங்கும் அடித்தட்டு) விளிம்போ அதை அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எனவே பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைக் கண்ணால் பார்ப்பது அவசியம். நிறம் கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, கறுப்பாகவோ மாறினாலும் இரத்தம் நிற்காமல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உண்மையில் காக்கப்பட வேண்டியது ஸ்டோமாவைச் சுற்றியுள்ள வயிற்றுச் சுவர்தான். குடலை வெளியே கொண்டுவர வயிற்றுத் தசையில் ஒரு துளை இடப்பட்டிருக்கிறது. மூச்சை அடக்கிப் பளு தூக்கும்போதும், விடாமல் இருமும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் உள்ளழுத்தம் கூடி, அந்தத் துளையின் ஓரமாகக் குடல் பிதுங்கி வரக்கூடும். ஸ்டோமாவை ஒட்டி ஏற்படும் இந்தக் குடலிறக்கம் அரிதானதன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிகுதியாகத் தோன்றுகிறது. உடல் பருமனும் புகைபிடித்தலும் அதற்கு வழிவகுக்கும். படுத்தே கிடந்து தசை தளர்ந்துபோவதும் நல்லதன்று. உங்களைக் குனியவிடாமல் காப்பதாக நினைக்கும் வீட்டாருக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரங்களில் நடையே போதுமான பயிற்சி. நாளுக்குச் சில முறை பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். மூன்று மாதங்கள் வரை இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது நலம். (நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றின் எடை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும்.) நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இதுவரை பயிற்சி எதுவும் செய்யவில்லை என்றால், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். அதே நிலையில் இரு முழங்கால்களையும் சேர்த்து வலப்புறமும் இடப்புறமும் சற்றே சாய்ப்பது அடுத்த படி. இரு கால்களையும் ஒருசேர உயர்த்தும் ஆசனங்களையும், நௌகாசனத்தையும், படுத்த நிலையிலிருந்து நேராக எழும் பயிற்சியையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஸ்டோமாவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள்.

ஷட்டில் ஆடத் தடையில்லை. உங்கள் அறுவை மருத்துவர் வயிற்றைப் பரிசோதித்துச் சம்மதித்த பிறகு முதலில் மெதுவாக ஆடுங்கள். மண்டியில் எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது, ஆட்களை மேற்பார்ப்பது எல்லாம் செய்யலாம். ஐம்பது, அறுபது கிலோ மூட்டையை இனி தனியாகத் தூக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இதை முதலாளியிடம் வெளிப்படையாகச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். வேலை நேரத்தில் அணிவதற்கு வயிற்றைத் தாங்கும் அகலமான பெல்ட் உண்டு. அதைக் கடையில் உத்தேசமாக வாங்காமல், ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியரிடம் அளவெடுத்து வாங்கி, படுத்த நிலையில் அணியுங்கள்.

கேள்வி: எனக்கு 39 வயது. இலியாஸ்டமி வைத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கடலைக் காட்டில் வேலை செய்கிறேன். வெயிலில் வியர்த்துப் பிளேட் கழன்றுவிடுகிறது; சுற்றியுள்ள தோல் வெந்து எரிகிறது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. கால் கெண்டைச் சதை பிடித்துக்கொள்கிறது. (திருவண்ணாமலை மாவட்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டாவதுதான் அவசரமானது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சி வரும் நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. இலியாஸ்டமியில் கழிவு பெருங்குடலுக்குப் போகாமலேயே வெளியேறுவதால், நீரோடு சோடியம் உப்பும் நாள்தோறும் போய்விடுகிறது. அதோடு வெயிலில் வியர்வையாகவும் உப்பு இழப்பு ஏற்படுகிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரை மட்டும் மேன்மேலும் குடித்தால் இழந்த உப்பு ஈடாவதில்லை. பைக்கு வரும் நீர்தான் கூடும். உங்கள் தாகத்துக்கும் சதைப் பிடிப்புக்கும் இது காரணமாக இருக்கக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்ட அளவுப்படி (பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் நீரில்) கரைத்துக் காட்டுக்கு எடுத்துச் சென்று சிறிது சிறிதாகக் குடியுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குடியுங்கள். இரத்த அழுத்தமோ, இதய நோயோ, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. சிறுநீர் அளவில் குறைந்து அடர்நிறமாகப் போனாலும், எழுந்தால் தலை சுற்றினாலும், ஒரு நாளில் பையில் சேர்வது ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலும் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்து, தோல். சிறுகுடலின் கழிவில் உணவைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை தோலில் பட்டால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். பிளேட்டில் வெட்டும் துளை ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கிவிடும். மருத்துவமனையில் முதலில் வெட்டித் தந்த அளவையே நீங்கள் இன்னும் பின்பற்றினால், கசிவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே மீண்டும் அளந்து பாருங்கள். வெதுவெதுப்பான வெறும் நீரில் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி, முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப் பவுடர், கிருமிநாசினி எதையும் பூசக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் பிளேட் பிடிக்காது. ஈரம் கசியும் புண்ணின் மேல் ஸ்டோமா பவுடரை மெல்லத் தூவி, மிகுதியைத் தட்டிவிடுங்கள். ஒட்டியபின் சில நிமிடம் உள்ளங்கையை மேலே வைத்திருந்தால், உடற்சூட்டில் பசை இளகித் தோலோடு நன்கு பொருந்தும். விடியற்காலையில், எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு, கழிவு குறைவாக வரும் நேரத்தில் மாற்றுவது எளிது.

மற்றவர்களுக்கு நான்கு நாள் தாங்கும் பிளேட், கோடையில் காட்டு வேலை செய்பவருக்கு இரண்டு நாள்தான் தாங்கும்; அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. செலவு கூடுமே என்று கழன்ற பிளேட்டை டேப் போட்டு ஒட்டி நாளைக் கடத்தாதீர்கள். புண் பெரிதானால் எந்தப் பிளேட்டும் நிற்காது. பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். பைக்கும் தோலுக்கும் இடையே பருத்தித் துணி உறை இருக்கட்டும். பாவாடை நாடா பிளேட்டின் மேல் படாதவாறு கட்டுங்கள். புதிய பிளேட்டுகளைத் தகரக் கூரையின் கீழும் வண்டிப் பெட்டியிலும் வைத்தால் பசை கெட்டுப்போகும்.

கடலைக் காட்டில் இருப்பவர் கடலை தின்னாமல் இருக்க முடியாது. ஆனால் நன்றாக மென்று, கொஞ்சமாகத் தின்னுங்கள். கடலை, தேங்காய்ச் சில்லு, பனங்கிழங்கு நார், முருங்கைச் சக்கை போன்றவை இலியாஸ்டமி வாயில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. நான்கைந்து மணி நேரம் எதுவும் வராமல் வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நான் கல்லூரிக் கபடி அணியில் இருந்தவன். பெருங்குடல் அழற்சி நோயால் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். இப்போது தற்காலிகமாக இலியாஸ்டமி இருக்கிறது. மீண்டும் கபடி ஆடலாமா? கிணற்றில் நீந்தலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அறுவைப் புண் முழுவதும் ஆறிய பிறகு நீந்தலாம். ஸ்டோமா வழியாக நீர் உள்ளே போகாது; நன்றாக ஒட்டிய பிளேட் நீரில் கழன்றுவிடுவதும் இல்லை. இறங்குவதற்கு முன் பையைக் காலி செய்து, பையில் வாயு போக வடிகட்டி இருந்தால் அதன் மேல் தரப்படும் ஸ்டிக்கரை ஒட்டி, புதிதாகப் பிளேட் ஒட்டியிருந்தால் சில மணி நேரம் பொறுத்து இறங்குங்கள். மேட்டிலிருந்து வயிறு அடிபடக் குதிக்க வேண்டாம். ஏறியதும் பிளேட்டின் விளிம்பைச் சரிபாருங்கள்.

கபடியைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் தர வேண்டியிருக்கிறது. ரக்பியைப் போல மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர் ரோல்ஃப் பெனிர்ஷ்கே குடல் அழற்சி நோயால் 1979-ல் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி, வயிற்றில் பையுடன் 1980-ல் களத்துக்குத் திரும்பி, 1986 வரை தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். கோல்ஃப் வீரர் அல் கைபர்கரும் 1980-ல் பெருங்குடலை அகற்றிய பின்னர் மூத்தோர் போட்டிகளில் வென்றார். இவர்களைப் பற்றிப் படித்துவிட்டு என்னிடம் வாதாடும் இளைஞர்கள் உண்டு. அவர்களுடைய ஊக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெனிர்ஷ்கே பந்தை உதைப்பதற்கென்றே இருந்த வீரர். களத்தில் ஒவ்வொரு நொடியும் மோதலுக்கு உள்ளானவர் அல்லர். கபடியிலோ இடுப்பைச் சுற்றிப் பிடிப்பதும், வயிற்றின் மேல் பலர் விழுவதும் ஆட்டத்தின் இயல்பு. ஸ்டோமாவின் மேல் அணியும் கெட்டியான பாதுகாப்பு மூடி நேரடி அடியைத் தடுக்கலாம். அத்தனை பேரின் எடையையும் இழுப்பையும் அதனால் தடுக்க முடியாது. உங்களுடையது தற்காலிக ஏற்பாடு. குடலை மீண்டும் இணைத்துப் புண் ஆறும்வரை கபடியை ஒத்திவையுங்கள்; அதுவரை ஓட்டம், சைக்கிள், வாலிபால் ஆகியவை உங்கள் உடலைத் தயாராக வைத்திருக்கும். ஓடும்போது ஓ.ஆர்.எஸ். பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: காரில் சீட் பெல்ட் ஸ்டோமாவை அழுத்துகிறது. போடாமல் இருக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல், அடியில் இரு இடுப்பெலும்புகளின் மேலும் படியுமாறு இறக்கிப் போடுங்கள். பட்டை ஸ்டோமாவில் படாமல் தாங்கும் சிறிய உறைகளும் கிடைக்கின்றன.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. கொலாஸ்டமி வைத்த பிறகு, நாற்றம் அடிக்குமோ, சத்தம் வருமோ என்று கோயிலுக்குக்கூடப் போவதில்லை. நாள் முழுவதும் கட்டிலிலேயே இருக்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: 1954-ல் டென்மார்க்கில் எலீஸ் சோரன்சென் என்ற செவிலியர், தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை உருவாக்க முனைந்ததற்குக் காரணமே இந்த அச்சம்தான். அறுவை முடிந்த அவருடைய தங்கை, கழிவு கசிந்துவிடும் என்று அஞ்சி வெளியே போகாமல் இருந்தார். இன்றைய பைகள் நாற்றத்தை வெளியே விடாத படலத்தால் ஆனவை. பிளேட் கசிந்தாலோ பையைத் திறந்தாலோ தவிர வாடை வராது. எனவே அப்பா வாடை வருவதாகச் சொன்னால் கற்பனை என்று ஒதுக்காமல், பிளேட்டின் விளிம்பைப் பாருங்கள். வாயுச் சத்தத்தை முழுவதும் தடுக்க இயலாது. வரும்போது கையை மேலே வைத்து அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோயிலுக்குப் போகும் நாளில் வெங்காயம், முட்டைக்கோஸ், சோடா ஆகியவற்றைத் தவிர்ப்பது உதவும்.

வெளியே கிளம்பும்போது ஒரு சிறு பையில், முன்கூட்டியே துளை வெட்டிய பிளேட், மாற்றுப் பை, துணி, தண்ணீர் பாட்டில், கழிவைக் கட்டிப்போட இரண்டு கவர், ஒரு மாற்று வேட்டி ஆகியவற்றை வைத்து அப்பாவின் தோளிலேயே மாட்டிவிடுங்கள். அதை நீங்கள் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டாம். வேட்டியைப் பிளேட்டுக்கு மேலேயோ கீழேயோ கட்டிப் பார்த்து, எது வசதி என்று அவரே முடிவு செய்யட்டும். முதல் வாரம் கூட்டமில்லாத காலை வேளையில், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த இடத்துக்கு மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். விரல் நடுங்காமல் இருந்தால் பையைக் காலி செய்வதையும் அவரே செய்யப் பழக்குங்கள். நடுங்கினால், பிடித்துத் திறக்க எளிதான மூடி உள்ள பை இருக்கிறதா என்று செவிலியரிடம் கேளுங்கள்.