சட்டப்பையில அந்த ரெண்டு மாத்திரையும் ஒண்ணா இருக்கக்கூடாதுங்க

கேள்வி: டாக்டருங்களுக்கு வணக்கமுங்க. எனக்கு 54 வயசு, காங்கயம் பக்கம் கிராமம், தறி ஓட்டறேன், கொஞ்சம் தோட்டமும் இருக்குதுங்க. சுகர் வந்து 9 வருசமாச்சு, பிபிக்கும் மாத்திரை சாப்புடறேன். ஒரு ரெண்டு வருசமா ஊட்டுக்காரிகூட சேர முடியறதில்லீங்க, ஆசை இருக்குது ஆனா வெறைப்பு நிக்கறதில்ல, இத யார்கிட்ட போயி சொல்றதுன்னே தெரியாம இருந்தேன். போன வருசம் நெஞ்சுவலி வந்து கோயமுத்தூருல பாத்தப்ப நாக்குக்கு அடியில வெக்கற சார்பிட்ரேட் குடுத்து எப்பவும் சட்டப்பையில வெச்சுக்கச் சொன்னாங்க. இப்ப மச்சான் ஒருத்தரு திருப்பூருல வாங்குன 100 எம்ஜி சில்டெனாபில்ங்கற வெறைப்பு மாத்திரை ஒரு அட்டை குடுத்து, பாதி போட்டுப் பாருங்க ஒண்ணும் ஆகாதுங்கறாரு. பாதி போடலாமுங்களா?

பதில்: அண்ணா, போடாதீங்க. அரையும் வேண்டாம் காலும் வேண்டாம். போடறதுக்கு முன்னாடி எழுதிக் கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லோணும்.

ஏன்னு வெவரமா சொல்லிடறேன். கீழ்பவானி வாய்க்கால்ல மடை தொறக்கறத நெனச்சுக்கங்க. சார்பிட்ரேட் போட்டா ரத்தக்குழாய்க்கு உள்ளாற ஒரு மடைய தொறந்து விடற மாதிரி, குழாயெல்லாம் விரியும், நெஞ்சுவலி கொறையும். சில்டெனாபில், அதே வகை டடாலபில் இதெல்லாம் என்ன பண்ணுதுன்னா தொறந்த மடைய ஒடம்பு திருப்பி அடைக்க விடாம புடிச்சுக்குது. தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்ல மருந்துதான், ஒண்ணா சேந்தா ஒடம்பு பூராவும் குழாய் விரிஞ்சு பிபி திடீர்னு அடியோட எறங்கிரும், மயக்கம், மாரடைப்பு, உயிரே போயிரலாம். பாதி மாத்திரையா இருந்தாலும் இதேதான், சார்பிட்ரேட் தெனமும் போடல வலி வந்தா மட்டுந்தான் போடறேன்னாலும் இதேதான். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின், நிகோரண்டில் இந்தப் பேர்ல மாத்திரையோ ஸ்ப்ரேயோ வெச்சிருக்கறவங்க அத்தன பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு, இத நீங்க மச்சானுக்கும் சொல்லோணும். இந்த மாதிரி மாத்திரை போட்ட பொறவு நெஞ்சுவலி வந்துச்சுன்னா சார்பிட்ரேட்ட நாக்குல வெக்காதீங்க, சில்டெனாபில்னா 24 மணி நேரத்துக்கு, டடாலபில்னா 48 மணி நேரத்துக்கு அது ஆவாது. ஒடனே 108க்கு போன் பண்ணுங்க, ஏத்திக்கிட்டுப் போறவங்ககிட்ட இந்த மாத்திரைய இத்தன மணிக்குப் போட்டேன்னு கூச்சப்படாம சொல்லிப்போடுங்க. அவங்க கேக்கறதே அதுக்குத்தான், வேற எந்த நெனப்பும் அவங்களுக்கு இருக்காது.

அப்ப எனக்கு வழியே இல்லீங்களான்னு வெசனப்படாதீங்க. வழி இருக்குதுங்க, ஆனா அது உங்க நெஞ்சுவலிய பாத்த டாக்டர் வழியாத்தான் போகோணும். அவருகிட்ட போயி வெறைப்புக் கோளாறு இருக்குது, மாத்திரை போடோணும்னு தோணுதுன்னு நேராவே சொல்லுங்க. நெஞ்சு இப்ப எப்படி இருக்குதுன்னு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பாத்துட்டு, சார்பிட்ரேட் இன்னும் வேணுமா வேற மருந்துக்கு மாத்தலாமான்னு அவருதான் முடிவு பண்ணோணும், நீங்களா நிறுத்தீறக் கூடாது. தாம்பத்தியத்துக்கு ஒடம்பு தாங்குமான்னு பாக்க சென்னிமலை படியெல்லாம் ஏற வேண்டியதில்ல, நிக்காம ரெண்டு மாடி ஏறுனா நெஞ்சு புடிக்காம மூச்சு எச்சா வாங்காம இருக்குதான்னு டாக்டருங்க கேப்பாங்க. சார்பிட்ரேட் கட்டாயம் வேணும்னு ஆனாலும் வேக்கம் பம்பு இருக்குது, ஆணுறுப்புல போடற ஊசி இருக்குது, சிறுநீர், ஆணுறுப்புக் கோளாறு பாக்கற யூராலஜிஸ்ட்ட பாத்தா சொல்லுவாங்க.

எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கறது வேற ஒரு விசயத்துக்குங்க. உங்களுக்கு வெறைப்பு கொறைஞ்சு ரெண்டு வருசம், நெஞ்சுவலி வந்து ஒரு வருசம். இது தற்செயல் இல்லீங்க. ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், நெஞ்சுக்குப் போறது 3, 4 மில்லிமீட்டர். சுகராலயும் பிபியாலயும் கொழுப்பாலயும் பீடி சிகரெட்டாலயும் குழாய் அடைக்க ஆரம்பிச்சா சின்னக் குழாய்லதான் மொதல்ல தெரியும். அன்னைக்கே நீங்க ஒரு டாக்டர்கிட்ட வாயத் தொறந்திருந்தீங்கன்னா நெஞ்ச முன்னாடியே பாத்திருக்கலாம். உங்கள குத்தம் சொல்லலீங்க, நம்மூருல அப்பிடித்தான், எங்க ஓபியில எத்தனயோ பேரு இடுப்பு வலி வயித்து வலின்னு சொல்லி பாத்துட்டு செருப்பு மாட்டற நேரத்துல திரும்பி வந்து டாக்டருங்க இன்னொண்ணு அப்படீன்னு இழுப்பாங்க, அந்த இன்னொண்ணுக்காகத்தான் வந்திருப்பாங்க. மொதல்லயே சொல்லுங்க. மூணு மாச சராசரி சுகரு, கொழுப்பு, காலைல டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன், இதெல்லாம் ஒருவாட்டி பாத்துறலாம். சில பிபி மாத்திரையாலயே வெறைப்பு கொறையறதும் உண்டு, அதுக்காக மாத்திரைய விட்டுறாதீங்க, மாத்திக் குடுப்பாங்க.

இதய டாக்டர் சரின்னு சொன்ன பொறவு போடறவங்களுக்கு: சில்டெனாபில் பொதுவா 50 எம்ஜியில ஆரம்பிப்பாங்க, 65 வயசத் தாண்டுனவங்களுக்கும் ஈரல், கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கும் 25. ஒரு நாளைக்கு ஒருவாட்டிக்கு மேல கூடாது, 100ஐயும் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரம் முன்னாடி போடோணும், நோம்பிக்குக் கெடா வெட்டிக் கறியும் சோறுமா கட்டிட்டு ஒடனே போட்டா வேலை செய்ய ரொம்ப நேரமாகும், அது வேலை செய்யலீன்னு இன்னொண்ணு போட்றவங்க இருக்காங்க, தப்புங்க. டடாலபில் 36 மணி நேரம் வரைக்கும் நிக்கும். எதுவா இருந்தாலும் ஆசையும் தொடுகையும் இல்லாம சும்மா போட்டா வேலை செய்யாது, முதல்வாட்டி சரி வரலீன்னா மருந்தே ஆவாதுன்னு விட்றவும் வேண்டாம். தலைவலி, மொகம் செவக்கறது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம், டடாலபில்ல முதுகுவலி வரலாம். வெறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் எறங்கலீன்னாலோ, திடீர்னு கண்ணு தெரியலீன்னாலோ காது கேக்கலீன்னாலோ விடிஞ்சு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாம்சுலோசின் மாதிரி புரோஸ்டேட் மாத்திரை போடறவங்க அதயும் டாக்டர்கிட்ட சொல்லோணும், பிபி எறங்கிரும்.

ஊட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லுங்கண்ணா. ரெண்டு வருசமா நீங்க வெலகிப் படுக்கறீங்கன்னா அவங்க மனசுல என்னென்ன ஓடியிருக்கும்.

கேள்வி: கோபியிலிருந்து எழுதறேனுங்க. ஊட்டுக்காரருக்கு 46 வயசு, பிபி இருக்குது. லாட்ஜ்ல கேம்ப் போட்ட வைத்தியர்கிட்ட மூலிகை கேப்சூல்னு ஒரு மாசத்துக்கு வாங்கிட்டு வந்தாரு. அத போட்ட அன்னைக்கெல்லாம் மொகம் செவந்து தலைவலிக்குது, மூக்கு அடைச்சுக்குது. ரத்தம் சுத்தமாகுதுன்னு சொன்னாங்களாம், நெசமுங்களா?

பதில்: இல்லீங்கம்மிணி. நீங்க சொல்ற மூணும் சில்டெனாபில் போட்டா வர்ற அறிகுறியேதான். மூலிகைன்னு விக்கறதுல அளவில்லாம இந்த மருந்தக் கலக்கறது பல நாடுகள்ல சோதனையில சிக்கியிருக்குது. கேப்சூல பாத்து நான் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா எவ்வளவு எம்ஜி இருக்குதுன்னு விக்கறவனுக்கே தெரியாத ஒண்ண பிபிக்காரரு போடக்கூடாது. ஆண்மை சக்திக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றதயே 1954ல வந்த சட்டம் தடுக்குது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, மிச்சம் இருக்கறத டப்பாவோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போங்க. அவர திட்டாதீங்க, வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் அங்க போயிருப்பாரு.

கேள்வி: வயசு 28, திருப்பூர் பனியன் கம்பெனில வேலை. வைகாசில கல்யாணம். காலைல எந்திரிக்கறப்ப வெறைப்பு நல்லாத்தான் இருக்குது சார், ஆனா முதல் ராத்திரி சொதப்பிருமோன்னு பயந்து 100 எம்ஜி சில்டெனாபில் வாங்கி வெச்சிருக்கேன்.

பதில்: தம்பி, காலைல சரியா இருக்குதுன்னா ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம், பயம்தான் மிச்சம். அந்த மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து, அதுலயும் 100 எம்ஜிதான் இருக்கறதுலயே பெரிய அளவு. கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு விடியக்காலம் எந்திரிச்சு, ஒறம்பரையெல்லாம் அனுப்பிவிட்டு அசந்து போயி கெடப்பீங்க, அன்னைக்கே எல்லாம் நடக்கோணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர பாத்து பேசீட்டு வாங்க, அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட சும்மா பேசிக்கிட்டு இருந்தாலே போதும், அவங்களும் பயந்துபோயித்தான் இருப்பாங்க.