சட்டப் பக்கம் போகுமுன் சுவர்ப் பக்கம் போங்கள்

கேள்வி: வரலாற்றில் முதுகலை முடிக்கப்போகிறேன். பழைய கட்டடங்கள் என்றால் எனக்கு உயிர். கட்டடக்கலை படிக்காதவருக்கு மரபுப் பாதுகாப்புத் துறையில் இடம் உண்டா? சட்டம், கொள்கை என்று போனால் காலமெல்லாம் கோப்புகளோடுதான் கழியுமா?

பதில்: இடம் தாராளமாக உண்டு. ஒரு கட்டடத்தை ஏன் காக்க வேண்டும் என்று ஆதாரத்தோடு எழுதுவதில்தான் இந்த வேலையே தொடங்குகிறது. பழைய பத்திரங்களையும் வரைபடங்களையும் துருவிப் படிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

கோப்புகளைக் குறைத்து எண்ணாதீர்கள். நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது, எதிர்த்தவர்கள் கையில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. 1965இல்தான் அந்நகரம் மரபுச் சின்னங்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் அடுக்குமாடி எழுப்பத் திட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நகரம் அதற்கு அனுமதி மறுக்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அந்த நிலையம் இன்றும் அழகு குலையாமல் நிற்கிறது.

ஆனால் சட்டப் பக்கம் போகுமுன், ஓராண்டாவது பழுதுபார்க்கும் இடத்தில் நின்று வேலை பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் இடுக்குகளில் பிற்பாடு சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அந்த இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் லேசில் விடாது. ஈரமும் உப்பும் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்ந்து குழிந்துபோக, சிமெண்ட் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். நல்லெண்ணத்தோடு செய்ததுதான் அதுவும். கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் உள்ள பழைய பார்த்தனான் கோயிலிலும் இப்படித்தான் நடந்தது. சென்ற நூற்றாண்டில் கற்களை இணைக்க வைத்த இரும்புப் பற்றிகள் துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்தன. அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் கண்ணால் கண்டவர், பழுதுபார்க்க மானியம் தரும் விதியை எழுதும்போது எந்தக் காரை என்பதையும் சேர்த்தே எழுதுவார்.

அப்புறம், அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். மரபுச் சின்னம் என்று அறிவித்துவிட்டு, ஒழுகும் கூரையை மாற்றும் அனுமதிக்கு மாதக்கணக்கில் அலையவிட்டால் அவர்களுக்கு அந்தக் கட்டடமே வெறுத்துப்போகும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

மரபுப் பாதுகாப்புக்கு உலக அளவில் வழிகாட்டும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், 1994ஆம் ஆண்டு நாரா ஆவணம் இரண்டையும் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான். படிப்பு முடிவதற்குள் பிடித்த கட்டடம் ஒன்றைப் பற்றி, அதை ஏன் காக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்து அனுப்பலாம்.