அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களை டிவியில் காட்டும் விதத்தில் உங்களுக்குப் பிடித்தது எது, எரிச்சலூட்டுவது எது?

பிடித்தது, நடு கேமரா. எரிச்சல், பந்து கூடையில் விழுந்த பிறகு வரும் மூன்று விநாடி.

ஒரு என்பிஏ ஒளிபரப்புக்கு ஏகப்பட்ட கேமராக்கள் வைத்திருப்பார்கள். கூடைக்குக் கீழே தோளில் சுமந்தபடி ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார், பலகைக்குப் பின்னால் ஒன்று இருக்கும், வளையத்துக்கு மேலே இன்னொன்று. ஆனாலும் பந்து ஓடும்போது நாம் பார்ப்பதெல்லாம் அநேகமாக ஒரே கேமராவைத்தான். நடுக்கோட்டுக்கு நேரே, உயரத்தில் நின்று இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்குமே, அது. பத்து ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். பந்தே இல்லாத பக்கத்தில் ஒருவர் ஸ்கிரீன் போட்டு, அதாவது தடுக்க வருபவரின் வழியை மறித்து நிற்பார், இன்னொருவர் அவரை உரசிக்கொண்டு மூலைக்கு ஓடுவார். அடுத்த நொடி பந்து அந்த மூலைக்குத்தான் வரும். மூன்று புள்ளி எங்கிருந்து முளைத்தது என்று நமக்குப் புரிவது இந்தச் சலிப்பூட்டும் கோணத்தால்தான்.

2020-ல் கொரோனா காலத்தில் ஆர்லாண்டோ டிஸ்னி வளாகத்தில் ரசிகர்களே இல்லாமல் ஆடினார்களே, அப்போது பக்கவாட்டில் தாழ்வாக ஓடும் கேமராவை அவ்வப்போது காட்டினார்கள். வேகம் மிரட்டியது, ஷூ கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்துபோனதால் யார் காலியாக நிற்கிறார் என்றே தெரியவில்லை. ரீப்ளேவுக்கு அருமையான கோணம், ஆட்டம் பார்க்க உதவாது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஒருவர் எகிறிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கிறார், அதாவது டங்க் அடிக்கிறார். உடனே இயக்குநர் அவர் முகத்துக்குத் தாவுகிறார், பிறகு ரீப்ளே. என்பிஏவில் முதல் மூன்று கால்பகுதிகளின் கடைசி ஒரு நிமிடமும், நான்காவதின் கடைசி இரண்டு நிமிடமும் தவிர, பந்து கூடையில் விழுந்தாலும் கடிகாரம் நிற்காது. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒருமுறை ரீப்ளேவின் நடுவே அரங்கம் 'ஓ'வென்று இரைந்தது. படம் திரும்பியபோது பந்து மறுபக்க வலைக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தது. நீளமாக ஒரு பாஸ் போட்டு அடித்திருக்கிறார்கள். திரையின் கீழே 88 என்றிருந்தது 90 ஆகியிருந்ததை வைத்துத்தான் ஊகித்தேன். வர்ணனையாளர் பாவம், ரீப்ளேவை விவரிப்பதா நேரலையை விவரிப்பதா என்று தடுமாறினார்.

இந்த முக மோகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1980 மே 16 அன்று இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கணுக்கால் காயத்தால் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் வரவில்லை. 20 வயது மேஜிக் ஜான்சன் அவர் இடத்தில் இறங்கி 42 புள்ளி எடுத்து, லேக்கர்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். சிபிஎஸ் டிவி அதை நாட்டின் பெரும்பகுதிக்கு ராத்திரி 11.30-க்குப் பதிவாகப் போட்டது! அப்படிக் கிடந்த லீக்கை மேஜிக், லாரி பேர்ட், பிறகு ஜோர்டன் என்று முகங்களைக் காட்டித்தான் தூக்கி நிறுத்தினார்கள். 2025-26 சீசனில் தொடங்கிய ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கு டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் சேர்ந்து 11 வருடத்துக்குக் கிட்டத்தட்ட 7,600 கோடி டாலர் தருகின்றன. 48 நிமிட ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதும் இந்தக் கணக்கில்தான். பயிற்சியாளர் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு கால்பகுதியிலும் இரண்டு டைம்அவுட் கட்டாயம், கூடவே விளம்பரம். அது பரவாயில்லை, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசும் முன்னாள் ஆட்டக்காரர்கள் பார்க்லியும் ஷக்கீலும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதற்காக இடைவேளையில் மட்டும் நகரமாட்டேன்.

இப்போதெல்லாம் ரீப்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, கீழே 24 விநாடிக் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன், பந்து கிடைத்த அணி கூடையை நோக்கி எறிய இருக்கும் நேரத்தைக் காட்டுவது அது. அது 20-க்குக் கீழே இறங்கியும் முகமே தெரிந்தால் டிவியைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன்.