மரச் சாமான் கடல் கடக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டுக்கு மரச் சாமான் அனுப்ப வரி எவ்வளவு? (பரமக்குடி)

எந்த நாடு? என்ன மரம்? புதிதா, பழையதா? மூன்றையும் எழுதாமல் கேட்டால் என்னவென்று சொல்வது? மறுபடி எழுதுங்கள்.

துபாயில் இருக்கும் மகனுக்குத் தேக்குக் கட்டிலும் அலமாரியும் அனுப்ப வேண்டும். (கீழக்கரை)

பொருள் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, அதன்மேல் பொதுவாக 5 சதவீதம் சுங்க வரி. அப்புறம் 5 சதவீதம் வாட். ஆக, லட்ச ரூபாய்க்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மே முதல் அமலில் இருக்கும் இந்தியா - அமீரக ஒப்பந்தப்படி, பொருளைப் பொறுத்து சுங்க வரி குறையலாம். அதற்குத் தோற்றச் சான்றிதழ், அதாவது பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று காட்டும் தாள், வேண்டும். சரக்கு போன பிறகு அலையாமல், அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு? (தேவிபட்டினம்)

சுங்க வரி கிடையாது. ஜி.எஸ்.டி. 9 சதவீதம் உண்டு.

சாமான் நன்றாகத்தான் செய்திருக்கிறோம். பேக்கிங் மரத்துக்கு முத்திரை வேண்டும் என்று ஏஜென்ட் படுத்துகிறார். தேவையா? (பெரியபட்டினம்)

தேவை. அவர் உங்களைப் படுத்தவில்லை, காப்பாற்றுகிறார். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. மாதக்கணக்கில் இழைத்து, பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஒரு கட்டிலைச் செய்கிறோம். கடைசியில் வல்லம் (மீன்பிடிப் படகு) கட்டி மிஞ்சிய பலகையையும் பட்டை உரிக்காத சட்டத்தையும் வைத்து அடித்து அனுப்புகிறோம். அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் வண்டும் புழுவும்தான் அயல்நாட்டுக்காரர்களின் கவலை. அதற்காகத்தான் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற, பேக்கிங் மரத்துக்கான சர்வதேச விதி. பேக்கிங் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் நிற்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகையூட்ட வேண்டும். அதன்பிறகே கோதுமைக் கதிர் படம் போட்ட ஐ.பி.பி.சி. (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை) முத்திரை குத்துவார்கள். கன்டெய்னருக்குள் முட்டுக் கொடுக்கும் கட்டைக்கும் இதே விதிதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிளைவுட்டுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத பலகைக்கும் விலக்கு உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் 'சீல் நாங்களே அடித்துத் தருகிறோம்' என்றார்கள். நம்பினேன். மரத்தைச் சூட்டுக்கே கொண்டுபோகவில்லை, பெயின்ட்டால் முத்திரை மட்டும் வரைந்திருந்தார்கள். போய் இறங்கிய துறைமுகத்தில் பிடித்துவிட்டார்கள். தேங்கி நின்ற நாட்களுக்கான வாடகையைச் சரக்கு வாங்கியவர் கட்டினார். அதோடு அவர் என்னிடம் வாங்குவதும் நின்றது. இந்த வேலைக்கு அனுமதி பெற்ற நிறுவனத்தில் மட்டும் செய்யுங்கள், சான்றிதழைக் கையில் வாங்குங்கள்.

தோதகத்தி நாற்காலி செட் அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? இன்வாய்ஸில் 'மர நாற்காலி' என்று போட்டால் போதும் என்கிறார் நண்பர். (ராமநாதபுரம்)

நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். தோதகத்தி, அதாவது ஈட்டி, டால்பெர்ஜியா இனம். 2017 முதல் அந்த இனம் முழுவதும் சைட்டஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின், கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த ஒவ்வொரு பொருளிலும் அந்த மரம் 10 கிலோ வரை இருந்தால் விலக்கு. நாற்காலி ஒன்றில் அந்த மரம் அதைத் தாண்டினால், சைட்டஸ் அனுமதித் தாள் வாங்கித்தான் ஆக வேண்டும். திருட்டு மரத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டப்படி மரத்தின் தாவரவியல் பெயரும் அது வெட்டப்பட்ட நாடும் கேட்பார்கள். தேக்கு என்றால் டெக்டோனா கிராண்டிஸ். மரத்தின் உண்மைப் பெயரை எழுதுங்கள். செம்மரத்தைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆசையே வேண்டாம்.

தாத்தா காலத்து பர்மா தேக்குப் பெட்டியை மகள் மலேசியாவுக்குக் கேட்கிறாள். (தொண்டி)

எத்தனை வயது? வேலைப்பாடு கொண்ட பெட்டி நூறு வருடத்தைத் தாண்டியிருந்தால், 1972ஆம் வருடச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் வெளியே அனுப்பக் கூடாது. வயது குறைவு என்றால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்குங்கள். இதையும் அனுப்பும் முன்பே.

தலைமன்னார் பக்கம்தானே, படகில் நாலு நாற்காலி கொண்டுபோனால் என்ன? (மண்டபம்)

கூடாது. நாற்காலியோடு படகும் பறிமுதலாகும். தூத்துக்குடி வழியாக, ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி விவரத் தாள்) போட்டுக் கொழும்புக்கு அனுப்புங்கள்.

இன்வாய்ஸில் விலையைப் பாதியாகப் போட்டால்? (ராமேஸ்வரம்)

சுங்கத்தில் சிக்கினால் அபராதம். சிக்காமல் போய், வழியில் கடல் தண்ணீர் புகுந்து கட்டில் ஊறிப்போனால், இன்சூரன்ஸிலும் நீங்கள் எழுதிய பாதி விலையை வைத்துத்தான் பேசுவார்கள்.